பள்ளிக்குப் போகும் உளவியல் மாணவர்களை மேற்பார்வை செய்வது எப்படி?

கேள்வி: எம்.எஸ்ஸி. உளவியல் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். இந்த ஆண்டு பள்ளி இன்டர்ன்ஷிப்பை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். பதினெட்டு மாணவர்கள், நான்கு பள்ளிகள். லாக் புக்கில் கையெழுத்துப் போடுவதைத் தாண்டி நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

வாரத்தில் ஒரு முறை அவர்களோடு உட்கார்ந்து, பள்ளியில் ஒரு குழந்தையிடம் என்ன பேசினார்கள் என்பதை வரிக்கு வரி கேட்க வேண்டும். முக்கியமான வேலை இதுதான். பள்ளியோடு பேசுவது, டெஸ்ட் பயிற்சி, ரெக்கார்டு, வைவா எல்லாம் இந்த ஒரு வேலை ஒழுங்காக நடக்க வழி செய்து கொடுப்பவை. நான் பார்த்தவரை பெரும்பாலான கல்லூரிகளில் மற்றதெல்லாம் நடக்கும், இது மட்டும் நடக்காது.

முதலில் ஓர் எச்சரிக்கை. சூப்பர்விஷன் பற்றிக் கிடைக்கும் புத்தகங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எழுதப்பட்டவை. அங்கே பள்ளி உளவியலாளர் என்பது தனிப் படிப்பு, தனி உரிமம். அந்த நாட்டின் பள்ளி உளவியலாளர்கள் சங்கம் வகுத்திருக்கும் தரப்படி இன்டர்ன்ஷிப் குறைந்தது 1,200 மணி நேரம், அதில் 600 மணியாவது பள்ளிக்குள் இருக்க வேண்டும். பள்ளியிலேயே தகுதிபெற்ற ஒரு சீனியரும் உடன் இருப்பார். நம் மாணவர்களுக்குக் கிடைப்பது ஒரு செமஸ்டரில் சில வாரங்கள். போகிற பள்ளியில் கவுன்சலர் என்று ஒருவர் இருப்பதே பல இடங்களில் அபூர்வம். அதனால் இலக்கைச் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பறையைக் கவனித்துப் பார்க்க, ஒரு குழந்தை பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க, தன்னால் முடியாததை உரிய இடத்துக்கு அனுப்ப. இந்த மூன்றும் வந்துவிட்டால் போதும். ‘சிகிச்சை’ என்ற சொல்லை அவர்கள் ரெக்கார்டில் எழுதவே விடாதீர்கள்.

சரி, பள்ளியில் என்ன எதிர்பார்க்கிறார்கள்? ஹெச்.எம். மனத்தில் உங்கள் மாணவி யார் என்பதை அவள் போவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். சில பள்ளிகளில் அவள் பத்தாம் வகுப்புக்கு ‘மோட்டிவேஷன்’ கொடுக்க வந்தவள். சில பள்ளிகளில் ஆசிரியர் லீவு போட்ட வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்துவிட்டது என்று நினைப்பார்கள். இன்னும் சிலர் ‘அடங்காத பசங்க’ பட்டியலை முதல் நாளே கையில் கொடுத்து, இவனுங்களைத் திருத்திக் கொடுங்க என்பார்கள். யார் மீதும் தப்பில்லை. நாம் என்ன செய்ய வருகிறோம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆகவே ஒரே பக்கத்தில் தமிழில் ஒரு கடிதம் தயார் செய்யுங்கள். எந்த நாட்கள், எத்தனை வாரம், ஒரு குழந்தையிடம் எவ்வளவு நேரம், எந்த வேலைக்கு அவர்களைப் பயன்படுத்தக் கூடாது, அவசரம் என்றால் உங்கள் கைப்பேசி எண். அதைத் தபாலில் அனுப்பாமல் நேரில் போய்க் கொடுங்கள். அரசுப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலர் அனுமதியும் வேண்டும். அது வருவதற்கு நாளாகும், விடுமுறையிலேயே தொடங்குங்கள்.

காலமும் முக்கியம். ஜூலை, ஆகஸ்ட்டில் அனுப்பினால் ஆசிரியர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்கும். பொங்கலுக்குப் பிறகு போனால் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ரிவிஷன் டெஸ்ட்டிலிருந்து யாரும் விடமாட்டார்கள். கீழ் வகுப்புகளில் பி.டி. பீரியடில்தான் அனுப்புவார்கள். விளையாடப் போக வேண்டிய பையனை இழுத்து வந்து உட்கார வைத்து ‘உன் மனசுல என்ன இருக்கு’ என்று கேட்டால் அவன் மனத்தில் பந்துதான் இருக்கும். பி.டி. பீரியடையும் சாப்பாட்டு நேரத்தையும் தொடக் கூடாது என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். இடம் பற்றியும் கேளுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும், பேசுவது கேட்கக் கூடாது. பல பள்ளிகளில் நூலகத்தின் ஒரு மூலை இதற்குச் சரியாக இருக்கும். ஸ்டாஃப் ரூம் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது, மாணவர்கள் பள்ளி வாசலை மிதிப்பதற்கு முன் அவர்கள் வாயில் மனப்பாடமாக இருக்க வேண்டிய சில வரிகள். “நீ சொல்றதை நான் உன் டீச்சர்கிட்டயோ ஃப்ரெண்ட்ஸ்கிட்டயோ சொல்ல மாட்டேன். ஆனா உனக்கு ஆபத்து, இல்ல உன்னால வேற யாருக்காவது ஆபத்து, இல்ல யாராவது உன்னைத் தப்பா தொடுறாங்கன்னா, அதை மட்டும் என்னால எனக்குள்ள வெச்சுக்க முடியாது. காலேஜ்ல என் மேடம் இருக்காங்க, அவங்ககிட்ட பேசுவேன். நான் செப்டம்பர் வரைக்கும்தான் வருவேன்.” இதை வகுப்பில் ஒருவரை ஒருவர் பார்த்துச் சொல்லிப் பழக வையுங்கள். ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், ப்ராமிஸ்’ என்று எந்தச் சூழ்நிலையிலும் சொல்லக் கூடாது. நல்ல மனசுக்காரப் பிள்ளைகள்தான் இதை முதலில் சொல்லிவிடுகிறார்கள்.

இதற்குச் சட்டக் காரணமும் உண்டு. 2012 போக்சோ சட்டத்தின் 19வது பிரிவுப்படி, பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒருவருக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கலாம் என்று அஞ்ச இடமிருந்தாலோ, அதைச் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவிப்பது ஒவ்வொருவரின் கடமை. தெரிவிக்கத் தவறினால் 21வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது. இன்டர்ன் என்பதால் விலக்கு இல்லை, உங்களுக்கும் இல்லை. ஹெச்.எம்.மிடம் சொல்லிவிட்டோம் என்பதோடு கடமை முடிந்துவிடாது. பதினோராம் வகுப்பு மாணவி தன் காதலைப் பற்றிப் பேசும்போதும் இந்தக் கேள்வி வரலாம். காதல் என்பதே குற்றமல்ல. ஆனால் உடலுறவு வரை போயிருந்தால், இருவருக்கும் சம்மதம் இருந்தாலும், பதினெட்டு வயதுக்குக் கீழ் அந்தச் சம்மதத்தைச் சட்டம் கணக்கில் எடுக்காது. இதில் இருபத்திரண்டு வயது இன்டர்ன் தானாக முடிவெடுக்கக் கூடாது. உங்களை அழைக்க வேண்டும், நீங்கள் அந்த அழைப்பை எடுக்க வேண்டும். பள்ளி நேரத்தில் உங்கள் போன் சைலன்ட்டில் இருக்கும் என்றால் இந்தப் பொறுப்பை ஏற்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098, மனநலத்துக்கான டெலி மானஸ் எண் 14416, இரண்டும் அவர்கள் லாக் புக்கின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். சாக வேண்டும் போல் இருக்கிறது என்று ஒரு குழந்தை சொன்னால் செய்ய வேண்டியதும் அதே பக்கத்தில் இருக்கட்டும். குழந்தையைத் தனியாக விடாதே, உடனே மேற்பார்வையாளரை அழை, ஹெச்.எம். வழியாகப் பெற்றோரை வரவழை, குழந்தையைப் பெரியவர் கையில் ஒப்படைக்காமல் கிளம்பாதே.

இனி அந்த வாராந்தரச் சந்திப்பு. லாக் புக்கை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பல மாணவர்களிடம் பார்த்ததைச் சேர்த்து நானே எழுதியது, எந்த ஒரு குழந்தையுடையதும் அல்ல. லாக் புக்கில் இப்படி இருக்கும்: ‘எட்டாம் வகுப்பு மாணவனுக்குக் கல்வியின் முக்கியத்துவம் குறித்து ஆலோசனை வழங்கப்பட்டது. மாணவன் ஏற்றுக்கொண்டான்.’ நடந்ததை வரிக்கு வரி எழுதச் சொன்னால் இப்படி வரும்.

“எனக்கு ஸ்கூலுக்கு வரவே பிடிக்கல மிஸ்.”
“அப்படியெல்லாம் சொல்லக் கூடாதுப்பா. படிச்சாதானே நல்ல வேலைக்குப் போகலாம்?”
“ம்.”
“உனக்கு என்னவா ஆகணும்னு ஆசை?”
“போலீஸ்.”
“சூப்பர்! போலீஸ் ஆகணும்னா படிக்கணும்ல?”
“ஆமா மிஸ்.”

மாணவி எழுதியதில் பொய் எதுவும் இல்லை. அவள் உண்மையாகவே ஆலோசனை வழங்கினாள், அவனும் ஆமா மிஸ் என்றான். ஆனால் ஸ்கூலுக்கு வர ஏன் பிடிக்கவில்லை என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. பையன் அதற்காகத்தான் வாயைத் திறந்தான். இரண்டாவது வரியிலேயே அது மூடிவிட்டது. அந்த ‘ம்’ அதற்கு அடையாளம். உட்கார்ந்து பேச வேண்டியது இந்த ‘ம்’ பற்றித்தான்.

எப்படிப் பேசுவது? ஆலோசகர்களை மேற்பார்வை செய்வது பற்றி எழுதிய ஜேனின் பெர்னார்ட் 1979இல் முன்வைத்த ஒரு பகுப்பு எனக்கு இன்றும் உதவுகிறது. மேற்பார்வையாளர் மூன்று இடங்களில் மாறி மாறி நிற்கலாம் என்கிறார். ஆசிரியராக, ஆலோசகராக (கவுன்சலர்), கூடச் சேர்ந்து யோசிக்கும் சக பணியாளராக (கன்சல்டன்ட்). ஆசிரியராக நின்றால், “அவன் சொன்னதையே திருப்பிச் சொல்லிட்டுக் கொஞ்சம் பேசாம இரு” என்று வழி காட்டுவீர்கள். ஆலோசகராக நின்றால், “அவன் பிடிக்கலன்னு சொன்னதும் உனக்கு என்ன ஆச்சு?” என்று கேட்பீர்கள். பெரும்பாலும் வரும் பதில், ‘பயமா இருந்துச்சு மேம், அடுத்து என்ன சொல்றதுன்னு தெரியல’ என்பதுதான். மூன்றாவது இடத்தில் நின்றால், “அடுத்த வாரம் அவனை எப்படித் தொடங்கலாம்னு நினைக்கிற?” என்று அவளிடமே விடுவீர்கள். புதிதாக வந்த ஆசிரியர்கள் முதல் இடத்தை விட்டு நகர்வதே இல்லை. நாம் பழகியது அதுதான். அப்புறம் ஒரு வேடிக்கை கவனியுங்கள்: மாணவி பையனுக்கு அறிவுரை சொன்னாள் என்பதற்காக நாம் அவளுக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருப்போம், அவளும் ‘சரி மேம்’ என்பாள். அந்தப் பையனின் ‘ஆமா மிஸ்’ஸும் இந்த ‘சரி மேம்’மும் ஒன்றுதான். மேற்பார்வை அறைக்குள் இப்படி அதே உறவு திரும்ப நடப்பதை ஹரால்ட் ஸீர்ல்ஸ் என்ற மனநல மருத்துவர் 1955லேயே எழுதிவிட்டார்.

பிறகு நாற்காலியை மாற்றிப் போடுங்கள். அவள் அந்தப் பையன், வகுப்பில் வேறொருவர் இன்டர்ன். ‘வரவே பிடிக்கலையா…’ என்று சொல்லிவிட்டு ஐந்து விநாடி சும்மா இருக்கச் சொல்லுங்கள். அந்த ஐந்து விநாடி எவ்வளவு நீளம் என்பது அப்போதுதான் புரியும். அல்லது ‘எந்தக் கிழமை ரொம்ப கஷ்டமா இருக்கும்?’ என்று கேட்கச் சொல்லுங்கள். ‘ஏன்’ என்று கேட்டால் பதில் வராத குழந்தை ‘எந்தக் கிழமை’ என்றால் பேசும். செவ்வாய் என்று அவன் சொன்னால், செவ்வாய்க்கிழமை டைம்டேபிளில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். கணக்கு டெஸ்ட்டா, ஒரு குறிப்பிட்ட வேனில் வருகிற நாளா, அம்மா நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிற நாளா?

பேச்சைப் போனில் பதிவு செய்து கொண்டுவரச் சொல்லாதீர்கள். பெற்றோர், பள்ளி இருவர் அனுமதியும் எழுத்தில் இல்லாமல் அது கூடவே கூடாது. அதே நாள் மாலை, ஞாபகத்திலிருந்து ஒரு பக்கம் எழுதினால் போதும். பதினெட்டுப் பேருக்கும் தனித்தனியாக நேரம் கொடுக்க உங்களால் முடியாது, யாராலும் முடியாது. பள்ளி வாரியாக நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வாரம் ஒன்றரை மணி நேரம் வையுங்கள், ஒவ்வொரு முறையும் இருவர் மட்டும் ஒரு பக்கத்தைக் கொண்டுவரட்டும். உங்கள் டைம்டேபிளில் இதற்கு ஆறு பீரியட் வேண்டும் என்று துறைத் தலைவரிடம் ஆண்டுத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்குங்கள். ‘ஃப்ரீயா இருக்கும்போது பாத்துக்கலாம்’ என்று விட்டால் செப்டம்பரில் பதினெட்டு லாக் புக் மொத்தமாக மேசைக்கு வரும், கையெழுத்துக்கு.

டெஸ்ட் விஷயம். மாணவர்களுக்கு டெஸ்ட் கிட்டைக் கையில் எடுத்தாலே தாங்கள் உளவியலாளர் ஆகிவிட்டதாக ஒரு நிமிர்வு வரும். ஆசிரியர்களும் ‘இவனுக்கு ஐ.க்யூ. எவ்வளவுன்னு பாத்துச் சொல்லுங்க’ என்பார்கள். டெஸ்ட் எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. பையனுக்குக் கண் பரிசோதனை நடந்ததா? காது? கடந்த ஆண்டு எத்தனை நாள் பள்ளிக்கே வரவில்லை? கரும்பலகை தெரியாத குழந்தையை ‘ஸ்லோ லேர்னர்’ என்று எழுதி வைத்திருக்கும் ரெக்கார்டுகள் ஏராளம்.

டெஸ்ட் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், எடுக்கும் விதத்தை நீங்கள் கண்ணால் பார்க்காமல் அனுப்பாதீர்கள். எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் பகுதியில் விநாடிக்கு ஒன்றாக, ஒரே சீராகச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் போன் நம்பர் சொல்வதுபோல இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொல்வார்கள், அப்படிச் சொன்னால் ஞாபகம் வைப்பது எளிதாகிவிடும், மதிப்பெண் ஏறிவிடும். வயதைக் கணக்கிடுவதிலும் கவனம் வேண்டும். 2015 நவம்பர் 20 அன்று பிறந்த குழந்தைக்கு 2025 ஜூலை 8 அன்று வயது 9 வருடம் 7 மாதம் 18 நாள். அவசரத்தில் ‘பத்து’ என்று போட்டுவிடுவார்கள். நுண்ணறிவை அளக்கும் பினே-காமத் டெஸ்ட்டில் மன வயதை (எந்த வயதுக் குழந்தையின் அளவுக்குச் செய்தது என்பதை) உண்மை வயதால் வகுத்து நூறால் பெருக்குகிறோம். மன வயது 8 என்று வந்திருந்தால், சரியான வயதுக்கு ஐ.க்யூ. 83, பத்து என்று போட்டால் 80. குழந்தை எதுவும் செய்யாமலேயே மூன்று புள்ளி போய்விட்டது. பள்ளிப் பதிவேட்டில் உள்ள பிறந்த தேதி சேர்க்கைக்காக மாற்றியதாகவும் இருக்கலாம், அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். இன்னொன்று, மாலின் தயாரித்த இந்தியக் குழந்தைகளுக்கான நுண்ணறிவு அளவையின் நெறிமானங்கள் (மதிப்பெண்ணை ஒப்பிடும் வயதுவாரி அளவுகள்) அரை நூற்றாண்டுக்கும் பழையவை. அதில் வரும் எண்ணை மந்திரம்போல் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதை மாணவருக்கு முதல் வகுப்பிலேயே சொல்லுங்கள்.

அந்த எண்ணைப் பள்ளியிடம் சொல்லலாமா என்றால், கூடாது. ஒரு முறை ‘எழுபத்தெட்டு’ என்று ஸ்டாஃப் ரூமில் சொன்னால் அந்தப் பையனுக்கு அதுவே பெயராகிவிடும். ஆசிரியருக்குத் தேவையானதைச் சொல்லலாம்: “வாய்மொழியாச் சொன்னா புரிஞ்சுக்கறான், எழுதும்போதுதான் திணறுறான், முன் பெஞ்சுல உட்கார வெச்சு கேள்வியை ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க.” கற்றல் குறைபாடு என்ற சந்தேகம் வந்தால் அது சந்தேகம் மட்டுமே. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்குச் சான்றிதழ் வேண்டும், அதைக் கொடுக்கும் தகுதி இன்டர்னுக்கும் இல்லை, பேராசிரியர் என்பதால் மட்டும் உங்களுக்கும் இல்லை. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர், மாவட்ட அரசு மருத்துவமனையில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையம், சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் உள்ள, பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம், இவற்றுக்கு அனுப்பலாம். ஆனால் எழுதிக் கொடுத்ததோடு விடாமல் குடும்பம் அங்கே போய்ச் சேர்ந்ததா என்று இரண்டு வாரம் கழித்துக் கேட்கச் சொல்லுங்கள். கூலி வேலைக்குப் போகும் அம்மாவுக்கு அது ஒரு நாள் சம்பளம்.

புத்தகத்தில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். ‘சக மாணவர்களுடன் பழகுவதில் சிக்கல்’ என்று ரெக்கார்டில் எழுதி வருவார்கள். எந்த மாணவர்களோடு, எந்த இடத்தில், யார் யாரோடு உட்காருகிறார்கள் என்று கேளுங்கள். கையில் கட்டும் கயிற்றின் நிறத்தை வைத்துச் சாதி பார்க்கும் பள்ளிகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைப் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகுதான் அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கை அந்தக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. சாதி பற்றிப் பேசாமல் பாதுகாப்பாக வளர்ந்த மாணவிக்கு இதெல்லாம் கண்ணில் படாது. ‘குழந்தைக்குச் சமூகத் திறன் குறைவு’ என்று எழுதிவிட்டு வந்துவிடுவாள். பள்ளிச் சூழலில் இருக்கும் சிக்கலை ஒரு குழந்தையின் தலைக்குள் வைத்து எழுதுவது நம் துறையில் சுலபமாக நடக்கிற காரியம். அதைத் தடுக்க வேண்டிய இடத்தில் இருப்பவர் நீங்கள்தான்.

ரெக்கார்டு பற்றிச் சுருக்கமாக. ‘பத்து கேஸ் ஸ்டடி’ என்று பாடத்திட்டத்தில் இருந்தால், அதில் குறைந்தது ஆறு, சீனியரின் ரெக்கார்டிலிருந்து வந்திருக்கும். பாடத்திட்ட வாரியத்தில் பேசி எண்ணிக்கையைக் குறையுங்கள், மூன்று போதும், ஒன்று ஆழமாக இருக்கட்டும். பெயர், வகுப்பு, பள்ளி, ஊர் எதுவும் ரெக்கார்டில் இருக்கக் கூடாது. ஸ்பைரல் பைண்டிங்குக்குக் கொடுக்கும் ஜெராக்ஸ் கடையில் ஒரு குழந்தையின் குடும்பக் கதை இரண்டு நாள் கவுன்ட்டரில் கிடக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

மாணவர்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பையனுக்கும் இன்டர்னுக்கும் வயது வித்தியாசம் நான்கைந்துதான். இன்ஸ்டாவில் ரிக்வெஸ்ட் வரும், நம்பர் கேட்பான். இதற்கு விதி இருக்க வேண்டும், அதுவும் உங்கள் பெயரில்: ‘காலேஜ்ல அலோ பண்ண மாட்டாங்க’ என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்ல வசதியாக இருக்கும். தகப்பன் குடித்துவிட்டு அடிக்கும் கதையைக் கேட்டுவிட்டு வந்து பேசாமல் உட்கார்ந்திருக்கும் மாணவிக்குத் தன் வீட்டிலும் அதே கதை இருக்கலாம். அதைச் சொல்ல இடம் கொடுங்கள், ஆனால் நீங்களே அவளுக்குக் கவுன்சலிங் செய்யத் தொடங்காதீர்கள். நீங்கள் அவளுக்கு மதிப்பெண் போடுபவர். துறைக்கு வெளியே ஓர் ஆலோசகரின் எண்ணைக் கையில் வைத்திருங்கள்.

மதிப்பெண்ணுக்குப் பள்ளி தரும் சான்றிதழை நம்ப வேண்டாம். எல்லோருக்கும் ‘வெரி குட்’ வரும். வரிக்கு வரி எழுதியதில் தனக்குச் சாதகமில்லாததையும் மறைக்காமல் எழுதியவருக்கு அதிகம் போடுவேன் என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள், இல்லையென்றால் அழகாகத் திருத்திய உரையாடல்கள்தான் வரும். ரகசியத்தை ஸ்டாஃப் ரூமில் உளறியவர், சொல்லியும் திருந்தாதவர் இருந்தால் அவரை அந்த செமஸ்டரில் நிறுத்த உங்களுக்கு மனம் வர வேண்டும். அதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும், ஆகவே ஒவ்வொரு சந்திப்புக்கும் நீங்களும் மூன்று வரி எழுதி வையுங்கள்.

கடைசி இரண்டு வாரங்களில், இன்னும் எத்தனை முறை வருவோம் என்று ஒவ்வொரு குழந்தையிடமும் எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். திடீரென்று நின்றுவிட்டால், நாம் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதால்தான் மிஸ் வரவில்லை என்று அது நினைத்துக்கொள்ளும். யாரைப் பள்ளி தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்று கிளாஸ் டீச்சரிடம் நேரில் சொல்லிவிட்டு வரட்டும், அந்தச் சந்திப்புக்கு நீங்களும் கூடவே போங்கள். அடுத்த ஆண்டு அந்தப் பள்ளி கதவைத் திறக்குமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.